கரண்ட் இல்லாத வீட்டுக்கு வந்த பீட்டில்ஸ்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "பழைய ராக் ரிக்கார்டு சேர்க்கிற பழக்கம் எல்லாம் லண்டன், நியூயார்க் கதைதானே? நம்ம ஊர்ல அதுக்கு என்ன வரலாறு இருக்கு?" நல்ல கேள்வி. அதுக்கான பதில்தான் இந்த எபிசோடு.

உலகம் முழுக்க பீட்டில்ஸ் ரிக்கார்டு சேர்க்கிறவங்க இருக்காங்க. அவங்க ஆசைப்பட்டுத் தேடுற தட்டுகளில் ஒரு வகை, இந்தியாவில் செஞ்ச 78 ஆர்பிஎம் தட்டு. பீட்டில்ஸ் பிறந்த இங்கிலாந்திலேயே அவங்க பாட்டு 78-ல் கடைக்கு வரலை. ஏன்னா 1960-ஐ ஒட்டியே அங்கே 78 தட்டு போடுறதை நிறுத்திட்டாங்க. பீட்டில்ஸோட முதல் சிங்கிள் வந்ததே 1962 அக்டோபரில்தான். ஆனா இங்கே 1960களின் நடுப்பகுதி வரைக்கும் அவங்க பாட்டுகள் 78 தட்டா வெளிவந்துச்சு. 1964-ல் வந்த 'கான்ட் பை மி லவ்' அதில் ஒண்ணு.

இங்கிலாந்தே தூக்கிப்போட்ட ஒரு பழைய வடிவத்தில், அன்னிக்கு உலகத்திலேயே புதுசான பாட்டு. இது எப்படி நடந்துச்சு? நம்ம கிராமங்களில் கரண்ட் இல்லாததுதான் முக்கியமான காரணம். எப்படின்னு பார்ப்போம்.

மூணு வேகம், ரெண்டு பொருள்

முதல்ல ஒரு சின்ன விளக்கம். இப்போ நாம "வினைல்"னு மொத்தமா சொல்றோம். ஆனா பழைய தட்டுகள் எல்லாமே வினைல் இல்லை.

78-ங்கிறது நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு. இதை அரக்கில் செஞ்சாங்க. அரக்கு, கல்தூள், கரி எல்லாம் கலந்து சூடாக்கி, அச்சில் வெச்சு அழுத்தி எடுக்கிறது. கனமா இருக்கும். கை தவறினா கண்ணாடி மாதிரி உடையும். பத்து இன்ச் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பாட்டு நிக்கும்.

அப்புறம் வந்ததுதான் வினைல். 1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33 ஆர்பிஎம் எல்பி-யைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே ஆர்சிஏ 45 ஆர்பிஎம் சின்னத் தட்டைக் கொண்டுவந்தது. வினைல் லேசு, சுலபமா உடையாது, சத்தம் சுத்தமா இருக்கும். கோடுகள் ரொம்ப மெல்லிசா இருக்கிறதால எல்பி-யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல பாட்டு வைக்கலாம்.

ஆனா வினைலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மெல்லிசான கோட்டில் லேசான ஊசி ஓடணும். அந்த ஊசி எடுக்கிற சின்ன அதிர்வைப் பெருசாக்க ஆம்ப்ளிஃபயர் வேணும். ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேணும்.

பழைய கிராமபோன் பெட்டிக்கு அது எதுவுமே வேண்டாம். கைப்பிடியைச் சுத்திக் கீ கொடுத்தா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் தட்டைச் சுத்தும். எஃகு ஊசி கோட்டில் ஓடி, ஒரு மெல்லிய தகட்டை அதிர வைக்கும். அந்த அதிர்வு குழாய் வழியா பெருசாகி வெளியே வரும். அவ்வளவுதான். ஆனா அந்த ஊசி தட்டு மேல நூறு கிராமுக்கும் மேலான எடையோட உட்காரும். இன்னிக்கு எல்பி பிளேயரில் ஊசியோட எடை ரெண்டு கிராம் அளவுதான். கிராமபோன் பெட்டியில் ஒரு எல்பி-யை வெச்சா, ஒரே ஓட்டத்தில் உழுது போட்டுரும். அதனால கீ கொடுக்கிற பெட்டி வீட்டில் இருந்தா, அந்த வீட்டுக்கு 78 மட்டும்தான்.

அரக்கு எங்கேயிருந்து போச்சு

அந்த அரக்கு எந்த ஊர் சரக்கு தெரியுமா? பெரும்பாலும் நம்ம நாட்டுதுதான். சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி கட்டுற கூட்டைச் சுரண்டி எடுத்து, உருக்கி, கல்கத்தா துறைமுகம் வழியா உலகத்துக்கு அனுப்பினாங்க. லண்டனில் ஒரு துரை வீட்டில் ஓடின ரிக்கார்டிலும், சிகாகோவில் ஒரு பாரில் ஓடின ரிக்கார்டிலும் இங்கத்து ஆதிவாசிகள் சேகரிச்ச அரக்குதான் கலந்திருந்தது.

ரெண்டாம் உலகப்போரில் கப்பல் வழி சிக்கலானதும் இது வெட்டவெளிச்சமாச்சு. 1942-ல் அமெரிக்க அரசு ரிக்கார்டு கம்பெனிகளோட அரக்குப் பயன்பாட்டை முன்ன இருந்ததில் மூணில் ஒரு பங்குக்கும் கீழே குறைச்சிருச்சு. புது ரிக்கார்டு வேணும்னா பழையதைக் கொண்டுவந்து கொடுங்கன்னு கடைகளில் கேட்டாங்க. ஆயிரக்கணக்கான பழைய தட்டுகள் உருக்கப்பட்டுப் புதுத் தட்டாச்சு. பழைய ரிக்கார்டு ஏன் அபூர்வமாகுதுன்னு யாராவது கேட்டா, காலம் மட்டும் காரணம் இல்லை, இந்த மாதிரி உலைகளும் காரணம்.

இந்தியாவில் முதல் கிராமபோன் ஒலிப்பதிவு நடந்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். லண்டனிலிருந்து வந்த ஃப்ரெட் கைஸ்பர்க் பதிவு செஞ்சார். அந்தப் பதிவு வரிசையில் கௌஹர் ஜானும் பாடினாங்க. பாட்டு முடிஞ்சதும் தன்னோட பேரை இங்கிலீஷில் சொல்லி முடிப்பாங்க. மெழுகில் எடுத்த பதிவு ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய் அங்கேதான் தட்டா அச்சாகும். யார் பாடினதுன்னு அங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியணுமே, அதுக்காகத்தான் இந்த ஏற்பாடுன்னு சொல்வாங்க. அதாவது, கல்கத்தாவிலிருந்து அரக்கு ஒரு கப்பலில் போகும், பாட்டு இன்னொரு கப்பலில் போகும், ரெண்டும் ஜெர்மனியில் ஒண்ணாச் சேர்ந்து தட்டாகித் திரும்ப நமக்கே விலைக்கு வரும்.

1908-ல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்ததும் இந்தச் சுத்து வேலை நின்னுச்சு. 1928-ல் அது பக்கத்திலிருக்கிற டம் டம்முக்கு மாறிச்சு. இப்போ விமான நிலையம் இருக்கிற அதே டம் டம்தான். எச்எம்வி, கொலம்பியா, பார்லஃபோன்னு லேபிளில் எந்தப் பேர் இருந்தாலும், நாட்டில் வித்த தட்டுகளில் பெரும்பகுதி டம் டம்மில் அழுத்தினதுதான். 1930களில் மெட்ராஸில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மாதிரி போட்டியாளர்களும் இருந்தாங்க. பின்னாடி ஏவிஎம் ஸ்டூடியோ கட்டின ஏ.வி.மெய்யப்பன் தொடங்கின கம்பெனி அது. ஜெர்மனியோட ஓடியன் கம்பெனியோட சேர்ந்து தமிழ் நாடகப் பாட்டுகளையும் கர்நாடக சங்கீதத்தையும் தட்டாக்கி வித்தாங்க. எஸ்.ஜி.கிட்டப்பா, கே.பி.சுந்தராம்பாள் குரல்கள் நாடகக் கொட்டகையைத் தாண்டி ஊர் ஊராப் போனது தட்டாலதான்.

நெட்டப்பாக்கம் வரைக்கும் ஒரு தட்டு

இப்போ மேப்பில் ஒரு ஊரைப் பார்ப்போம். நெட்டப்பாக்கம். புதுச்சேரி நகரத்திலிருந்து வில்லியனூர் பக்கமாத் தென்மேற்கே போனா வர்ற கொம்யூன். நெல்லும் கரும்பும் விளையுற பூமி. மடுகரை, கரியமாணிக்கம் எல்லாம் இதுக்குள்ளதான் வரும். புதுச்சேரி மேப்பைப் பார்த்தா கண்ணாடி உடைஞ்சு சிதறின மாதிரி துண்டு துண்டா இருக்கும் இல்லையா, பிரெஞ்சுக்காரங்க காலத்து எல்லை அது. நெட்டப்பாக்கத்தைச் சுத்தி இன்னிக்கும் தமிழ்நாடுதான்.

இன்னிக்கு அந்த எல்லையில் பஸ் நிக்கிறதுகூட இல்லை. ஆனா 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் நடுவில் இருந்த சுங்க ஒப்பந்தம் முடிஞ்சதும், அந்தக் கோடு நிஜமான எல்லையாச்சு. சுங்கச் சாவடி, சோதனை எல்லாம் வந்துச்சு. நெட்டப்பாக்கத்து ஆள் தன்னோட நகரத்துக்குப் போகணும்னாலே இந்திய மண்ணைத் தாண்டித்தான் போகணும். மெட்ராஸில் வாங்கின சாமான் அந்த ஊரைப் பொறுத்தவரை வெளிநாட்டுச் சரக்கு. டம் டம்மில் செஞ்ச 'நாய் மார்க்' ரிக்கார்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அந்த எல்லையை உடைச்சதிலும் நெட்டப்பாக்கத்துக்கு முக்கியமான இடம் இருக்கு. 1954 மார்ச் 31-ஆம் தேதி அங்கேதான் இந்தியக் கொடி ஏத்தினாங்க. எதுவார் குபேர் தலைமையிலான இணைப்பு ஆதரவாளர்கள் அந்த ஊரை மையமா வெச்சுத்தான் தற்காலிக அரசு ஒண்ணை அமைச்சாங்க. அக்டோபரில் கீழூரில் வாக்கெடுப்பு, 178 பேரில் 170 பேர் இந்தியாவோட சேரலாம்னு ஓட்டுப் போட்டாங்க. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிச்சு. சட்டப்படி இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16-ல்.

கொடி வந்தாச்சு. ஆனா கரண்ட்? நாடு சுதந்திரம் வாங்கினப்போ அஞ்சு லட்சத்துக்கும் மேல இருந்த இந்தியக் கிராமங்களில் மின்சாரம் இருந்தது சுமார் 1500-ல்தான். 1961-ல்கூட 22 ஆயிரத்தைத் தொடலை. நூறு கிராமத்தில் நாலுக்குக்கூட இல்லைன்னு வெச்சுக்கோங்க.

அப்போ அந்த மாதிரி கிராமத்தில் பாட்டு எப்படிக் கேட்டாங்க? வசதியான வீட்டுத் திண்ணையில் ஒரு கிராமபோன் பெட்டி இருக்கும். கீ கொடுத்து ஓட்டுவாங்க, தெருவே நின்னு கேட்கும். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழான்னா 'ரேடியோ செட்' கட்டுறவர் வருவார். பேட்டரியில் ஓடுற ஆம்ப்ளிஃபயர், தென்னைமரத்தில் கட்டின கூம்பு ஸ்பீக்கர், மரப்பெட்டி நிறைய ரிக்கார்டு. டூரிங் டாக்கீஸில் படம் போடப்போறாங்கன்னு ஊருக்குச் சொல்றதும் ரிக்கார்டுதான். சாமி பாட்டு கேட்டதும் சனம் கொட்டகைப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிரும்.

இத்தனைக்கும் பயன்பட்டது 78 தட்டு. ஊரில் இருக்கிற பெட்டி 78 பெட்டி, ரேடியோ செட்காரர் வருஷக்கணக்கா சேர்த்து வெச்சிருக்கிறதும் 78. அதை மாத்தணும்னா பெட்டி, ஊசி, சரக்குன்னு எல்லாத்தையும் மாத்தணும். அதனாலதான் இங்கிலாந்தில் 78 நின்ன பிறகும் டம் டம்மில் அந்த அச்சு இயந்திரங்கள் ஓடிட்டே இருந்துச்சு. நம்ம படப்பாட்டுகள் 1960கள் முழுக்க 78-ல் வந்ததுக்குக் காரணம் இந்தச் சந்தைதான்.

ஒரே ஆலையில் ரெண்டு 1964

பீட்டில்ஸோட இங்கிலாந்து லேபிள் பார்லஃபோன். அது இஎம்ஐ-க்குச் சொந்தம். டம் டம் ஆலையும் இஎம்ஐ குடும்பம்தான். அதனால லண்டனிலிருந்து பதிவு வந்ததும் இங்கேயே தட்டு போடலாம். 45-லயும் போட்டாங்க, எல்பி-யும் போட்டாங்க. கூடவே, 78 இயந்திரம் ஓடிட்டுத்தானே இருக்கு, கீ கொடுக்கிற பெட்டி வெச்சிருக்கிற வாடிக்கையாளர் லட்சக்கணக்கில் இருக்காங்களே, அதிலயும் போட்டாங்க. பாட்டு ரெண்டு ரெண்டரை நிமிஷம், பத்து இன்ச் தட்டில் அளவெடுத்துத் தைச்ச மாதிரி உட்கார்ந்துச்சு.

பீட்டில்ஸ் மட்டும் இல்லை. எல்விஸ் பிரெஸ்லி, கிளிஃப் ரிச்சர்ட் எல்லாரும் இங்கே 78-ல் வந்தாங்க. கிளிஃப் ரிச்சர்ட் 1940-ல் லக்னோவில் பிறந்தவர்ங்கிறது ஒரு கூடுதல் தகவல்.

1964-ஐ மட்டும் எடுத்துக்குவோம். அந்த வருஷம்தான் ஸ்ரீதரோட 'காதலிக்க நேரமில்லை' வந்துச்சு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் கிடாரும் டிரம்ஸும் ராக் அண்ட் ரோல் தாளத்தில் துள்ளும். ஊர் உலகமே அந்தப் பாட்டுகளை ரேடியோ செட்டில் கேட்டுச்சு. அதே வருஷம், அதே கம்பெனி, அதே அரக்குக் கலவையில் 'கான்ட் பை மி லவ்' தட்டும் போட்டுச்சு. கிராமத்துக் கல்யாண வீட்டுச் சந்தை இல்லாம இருந்திருந்தா அந்த இயந்திரம் எப்பவோ நின்னிருக்கும், அந்த பீட்டில்ஸ் தட்டும் பிறந்திருக்காது. நம்ம ஊரில் திருவிழாவுக்கு ரிக்கார்டு போட்டவங்க பீட்டில்ஸைக் கேட்டாங்களா இல்லையாங்கிறது வேற விஷயம். பீட்டில்ஸ் தட்டுக்கு வழி பண்ணிக் கொடுத்தது அவங்கதான்.

சரி, அதை வாங்கினது யாரு? விலைக்கு வாங்கி, இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிற வீடு, ஆனா இன்னும் பழைய பெட்டிதான் வெச்சிருக்கு. ரயில்வே காலனி, தேயிலை எஸ்டேட், சின்ன ஊர் கான்வென்ட், அப்பாவோட பெட்டியில் கேட்கிற காலேஜ் பையன்னு யோசிச்சுப் பார்க்கலாம். அவங்க காதுக்கு இந்தப் பாட்டைக் கொண்டுபோனது பெரும்பாலும் ரேடியோ சிலோன். 1952-ல் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கினதும், நம்ம ஆட்கள் எல்லாரும் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினாங்க. தமிழ்ப் பாட்டு கேட்கப் போனவங்க காதில், ஒரு திருப்பு தள்ளிப்போனா இங்கிலீஷ் பாட்டும் விழும்.

அந்தத் தட்டுகள் எத்தனை தப்பிச்சிருக்கும்? ரொம்பக் கம்மி. எஃகு ஊசி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோட்டைத் தேய்க்கும். ஒரு பக்கம் ஓடினதும் ஊசியை மாத்தணும்ங்கிறது விதி. ஆனா ஊசி டப்பா தீர்ந்துபோனா யாரு மாத்துவாங்க? பழைய ஊசியிலேயே பத்து தடவை ஓடும். அப்புறம் வெயில், எறும்பு, குழந்தைங்க கை. நல்ல நிலையில் இருக்கிற ஒரு பீட்டில்ஸ் 78-க்கு உலகச் சந்தையில் அவ்வளவு விலை கேட்கிறாங்கன்னா, அது எத்தனை விபத்தைத் தாண்டி வந்திருக்குன்னு புரியும்.

எல்பி காலமும் நம்ம ராக்கும்

1960களின் கடைசியில் நகரங்களில் ரிக்கார்டு பிளேயர் பெருகிச்சு. எல்பி-தான் ராஜா. பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள், குயின் எல்லாமே இஎம்ஐ பக்கம் இருந்த பேண்டுகள். அதனால இந்தியத் தட்டா சுலபமாக் கிடைச்சுது. வெளிநாட்டுச் சரக்குக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமா இருந்த காலம் அது. இங்கே ஆலை வெச்சிருந்த கம்பெனியோட பேண்டு எதுவோ, அது நம்ம மாமாக்களுக்குப் பிடிச்ச பேண்டாச்சு. ரசனைக்குப் பின்னாடி இப்படி ஒரு வியாபாரக் கணக்கும் இருந்துச்சு.

போக்கு ஒரு வழியா மட்டும் இல்லை. 1968 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய் எச்எம்வி ஸ்டூடியோவுக்கு வந்து 'வொண்டர்வால் மியூசிக்' ஆல்பத்துக்கு இந்தியக் கலைஞர்களை வெச்சுப் பதிவு செஞ்சார். அப்போ எடுத்த ஒரு இசைமேல பாடின 'தி இன்னர் லைட்', பீட்டில்ஸ் சிங்கிளோட இன்னொரு பக்கமா அதே வருஷம் வந்துச்சு. 1972-ல் லெட் செப்பலினோட ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாயில் நம்ம வாத்தியக்காரங்களோட ரெண்டு பாட்டைப் பதிவு பண்ணாங்க. அது அதிகாரபூர்வமா வெளிவர 2015 வரைக்கும் ஆச்சு.

இங்கத்துப் பசங்களும் பேண்டு வெச்சாங்க. சிம்லா சிகரெட் விளம்பரத்துக்காக இம்பீரியல் டொபேக்கோ கம்பெனி 'சிம்லா பீட்'னு ஒரு போட்டி நடத்துச்சு. அதில் வாசிச்ச இந்திய பேண்டுகளோட பாட்டுகள் 1970, 1971-ல் ரெண்டு எல்பி-யா வந்துச்சு. விக்கிறதுக்குன்னு செஞ்சதைவிட விளம்பரத்துக்குன்னு செஞ்ச தட்டு. இன்னிக்கு வெளிநாட்டில் மறுபதிப்புப் போடுற அளவுக்கு அதுக்கு மவுசு.

தட்டு வீட்டை விட்டுப் போச்சு

பழைய ரிக்கார்டு சந்தைக்கு வரணும்னா, அது முதலில் ஒரு வீட்டை விட்டு வெளியே வரணும். நம்ம பக்கத்தில் அது எப்பெல்லாம் வந்துச்சுன்னு பாருங்க.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சுதந்திரத்துக்கு அப்புறம் வரிசையா ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடான்னு கிளம்பினாங்க. புதுச்சேரியில் 1962-ல் சட்டப்படி இணைப்பு நடந்தப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாசம் அவகாசம் கொடுத்தாங்க. சில ஆயிரம் பேர் தேர்ந்தெடுத்தாங்க. அதில் பலரோட குடும்பங்கள் பின்னாடி பிரான்ஸ் போச்சு. கப்பல் ஏறுறவங்க நகையையும் போட்டோவையும் எடுத்துக்குவாங்க. உடையுற, கனமான தட்டை எத்தனை பேர் எடுத்துட்டுப் போவாங்க?

ரெண்டாவது அலை, 1980களில் வந்த கேசட். கல்ஃபிலிருந்து வந்த டூ-இன்-ஒன் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ரிக்கார்டு பிளேயர் பரண் மேல போச்சு. ரேடியோ செட்காரர் ஒரு மரப்பெட்டி தட்டுக்குப் பதிலா ஒரு பையில் கேசட் எடுத்துட்டு வந்தார். மூணாவது அலை, சொத்துப் பாகம் பிரிச்சு ஓட்டு வீட்டை இடிச்சு மாடி கட்டின காலம். பரணில் இருந்ததெல்லாம் பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போச்சு.

மெட்ராஸில் இதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், பழைய தட்டு, பழைய பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். 1985 மே 30-ஆம் தேதி அது எரிஞ்சுபோச்சு. அரக்குத் தட்டு தீயில் என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரங்க பிறகு பக்கத்திலிருக்கிற அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனாங்க. புதுச்சேரியில் மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட் இருக்கு. ஞாயித்துக்கிழமை துணிக்கடைகளுக்கு நடுவில் பழைய சாமான் பரப்பி வெச்சிருப்பாங்க.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் நின்னு பிடிச்சு வெச்சவங்களும் உண்டு. சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ், இசை ஆய்வாளர், நாற்பதாயிரத்துக்கும் மேல கிராமபோன் தட்டு சேர்த்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பிடிச்சவர். 1990-ல் பம்பாயில் இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர் சங்கம் தொடங்கிச்சு. ஒவ்வொரு தட்டோட எண், தேதி, பாடினவர்னு பட்டியல் போடுற வேலையை அவங்க செஞ்சாங்க. அரசாங்கக் காப்பகம் செய்ய வேண்டியதைத் தனி ஆட்கள் தங்களோட வீட்டு அலமாரியில் செஞ்சாங்க.

உங்க கைக்கு ஒரு பெட்டி வந்தா

இப்போ நேரா உங்ககிட்ட. தாத்தா வீட்டில், இல்லை சண்டே மார்க்கெட்டில், ஒரு பெட்டி ரிக்கார்டு கிடைக்குதுன்னு வெச்சுக்குவோம்.

ஒண்ணு, லேபிளில் வேகத்தைப் பாருங்க. 78 அரக்குத் தட்டை எல்பி ஊசியில் ஓட்டாதீங்க. அதோட கோடு மூணு மடங்கு அகலம், தனி ஊசி வேணும். எல்பி-யைப் பழைய கிராமபோனில் வைக்கவே வைக்காதீங்க.

ரெண்டு, சுத்தம் பண்றது. யூட்யூபில் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்வாங்க. அது வினைலுக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். பாட்டே போயிரும். ஒரு சொட்டு மென்மையான சோப்பு, கொஞ்சம் தண்ணி, மெத்துன்னு ஒரு துணி போதும். லேபிள் நனையக் கூடாது.

மூணு, படுக்கப்போட்டு அடுக்காதீங்க, நிக்க வைங்க. வெயில் படுற சுவர் பக்கம் வேண்டாம்.

நாலு, பித்தளைக் குழாய் வெச்ச பளபள கிராமபோனைப் பார்த்து மயங்காதீங்க. சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதுசா செஞ்சு நாய்ப் படம் ஒட்டி விக்கிறது ஏராளம். உண்மையில் கிராமத்து வீடுகளில் அதிகம் இருந்தது குழாய் வெளியே தெரியாத, சூட்கேஸ் மாதிரி மூடுற பெட்டி.

அஞ்சாவதுதான் நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது. காகித உறையைத் தூக்கிப்போடாதீங்க. அதில் கடை முத்திரை இருக்கும். எந்த ஊர், எந்தத் தெருன்னு அச்சடிச்சிருக்கும். லேபிள் மேல இங்க்கில் ஒரு பேர் இருக்கும், கல்யாணத்துக்குக் கொடுத்த தேதி இருக்கும், ரேடியோ செட்காரரோட வரிசை எண் இருக்கும். விக்கிறவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இது எந்த வீட்டிலிருந்து வந்துச்சு?" பதில் கிடைச்சா ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைங்க.

ஏன் சொல்றேன்னா, பாட்டு தொலையாது. பீட்டில்ஸ் பாட்டு உங்க போனில் இருக்கு, 'காதலிக்க நேரமில்லை' பாட்டும் இருக்கு. ஆனா நெட்டப்பாக்கம் மாதிரி ஒரு ஊரில், எந்தத் திண்ணையில், எந்தப் பெட்டியில், யாரு கீ கொடுத்து, என்னென்ன பாட்டுக் கேட்டாங்கங்கிற தகவல் எந்த ஆப்பிலும் இல்லை. அது அந்த உறையிலயும், இப்போ எண்பது வயசைத் தொட்டிருக்கிற சிலரோட ஞாபகத்திலயும்தான் இருக்கு. தட்டை வாங்க நிறைய பேர் அலையுறாங்க. அந்தப் பெரியவங்ககிட்டப் போய்க் கேட்கத்தான் ஆள் கம்மி.

உங்க ஊரில் ரேடியோ செட் வெச்சிருந்தவர் யாருன்னு வீட்டில் விசாரிங்க. அவர் வீட்டு மரப்பெட்டியில் என்னென்ன தட்டு இருந்துச்சுன்னு தெரிஞ்சா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் கேசட் கடைகளைப் பத்திப் பேசுவோம்.